ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத குழந்தை யாருடைய பொறுப்பு?

(புனே நகரின் கிர்க்கி பகுதியில், தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இன்றைய வகுப்புக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘தேசியக் கல்விக் கொள்கையும் தனியார்மயமும்’ என்பது. அதைப் பற்றி நம் ஏட்டில் பலமுறை எழுதியாகிவிட்டது. அக்கட்டுரைகளுள் சிலவற்றைத் தமிழாக்கும் வேலையும் என் கைக்கே வந்தது. ஆகவே தலைமைத் தோழரின் இசைவோடு, அத்தலைப்பின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். ஒரு குழந்தை ஐந்து ஆண்டுகள் பள்ளிக்குப் போகிறது. ஐந்தாம் ஆண்டின் முடிவிலும் இரண்டாம் வகுப்புப் பாடத்தை அதனால் வாசிக்க முடியவில்லை. இது எப்படி நேர்கிறது, இதற்கு இங்கேயும் ஆப்பிரிக்காவிலும் என்ன செய்து பார்த்திருக்கிறார்கள், இதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதே என் பேச்சு.

முதலில் புள்ளிவிவரத்தைப் பார்த்துவிடுவோம். ‘அசர்’ என்ற பெயரில் 2005 முதல் ஓர் ஆய்வு நடந்து வருகிறது. இந்தியில் அச்சொல்லுக்கு விளைவு, தாக்கம் என்று பொருள். மும்பையில் 1995-இல் தோன்றிய ‘பிரதம்’ என்னும் தன்னார்வ அமைப்பு இதை நடத்துகிறது. 2024-ஆம் ஆண்டு ஆய்வு 605 ஊரக மாவட்டங்களில் 17,997 கிராமங்களைத் தொட்டது. தொண்டர் ஒருவர் வீட்டுக்கே சென்று, குழந்தையைத் தனியே அமரவைத்து ஒரு தாளைக் கொடுக்கிறார். அதில் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு குட்டிக் கதை. கதை இரண்டாம் வகுப்புத் தரம். கணக்கில், எண்ணை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். 2024-இல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் அந்தக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 விழுக்காடு. வகுத்தல் செய்ய முடிந்தவர்கள் 30.7 விழுக்காடு. கொரோனாவுக்குப் பிந்திய 2022-இல் இவை முறையே 42.8, 25.6 என்று இருந்தன. ஏற்றம் இருக்கிறது, ஆயினும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஆய்வுகளைப் பற்றி நம் தோழர்களிடையே ஓர் ஐயம் உண்டு. அரசுப் பள்ளியை இழிவுபடுத்தி, பெற்றோரைத் தனியார் பள்ளிக்குத் துரத்துவதற்கான கருவி இது என்பார்கள். அந்த ஐயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அசர் அறிக்கை வெளிவரும் ஒவ்வொரு முறையும், அரசு ஆசிரியரை வசைபாடித் தலையங்கம் எழுதும் நாளேடுகளைப் பார்க்கிறோம். ஆனால் அளப்பவனின் நோக்கத்தின் மீதுள்ள ஐயம், அளந்து கிடைத்த உண்மையை மறைத்துவிடக் கூடாது. கற்றலை ஊரறிய அளப்பது உலக வங்கி கண்டுபிடித்ததும் அல்ல. இந்தப் புனே நகரிலேயே, 1850-களின் தொடக்கத்தில், ஜோதிராவ் பூலேயும் சாவித்ரிபாயும் தம் பெண்கள் பள்ளிகளின் தேர்வைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார்கள். சூத்திரப் பெண்ணும் தீண்டத்தகாதவளும் படித்தால் என்ன வந்துவிடும் என்று கேட்ட ஊர், அந்தச் சிறுமிகள் வாசிப்பதையும் கணக்குப் போடுவதையும் நேரில் பார்த்தது.

புதவார் பேட்டையின் பிடே வாடாவில் 1848-இல் அவர்கள் தொடங்கிய பள்ளியைப் பற்றி அனைவரும் அறிவோம். நெடுங்காலம் சிதைந்து கிடந்த அந்தக் கட்டடம் 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது. அங்கே நினைவகம் எழுப்பப்போகிறார்கள். சிலைக்கும் நினைவகத்துக்கும் நாம் எதிரிகள் அல்லர். ஆனால் பூலே 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் அளித்த வாக்குமூலம் அந்த நினைவகத்தின் சுவரில் எழுதப்படுமா என்பது எனக்கு ஐயமே. அதில் அவர் கேட்டது மிக எளிய கேள்வி. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவனின் உழைப்பிலிருந்து வருகிறது. அந்தப் பணம் மேல்தட்டாரின் உயர்கல்விக்குப் போகிறது. இது எந்த நியாயம்? மேலே ஊற்றினால் கல்வி தானே கீழே வடியும் என்ற ஆட்சியாளர்களின் கோட்பாட்டை அவர் முகத்துக்கு நேராக மறுத்தார். பம்பாய் மாகாணத்தின் கிராமங்களில் பத்தில் ஒன்பது பங்கிற்குத் தொடக்கக் கல்விக்கு எந்த ஏற்பாடும் இல்லை என்று எடுத்துக்காட்டினார். 12 வயது வரையிலாவது கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றார்.

அந்த வாக்குமூலத்தில் நான் மிகவும் மதிப்பது, அது கோரிக்கையோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்குள்ளும் போவதுதான். என்ன கற்பிக்க வேண்டும்? மோடி, பாலபோத் ஆகிய இரு எழுத்து முறைகளிலும் வாசிக்க, எழுத, கணக்கு, கொஞ்சம் வரலாறு, புவியியல், இலக்கணம், வேளாண்மையைப் பற்றிய அடிப்படை அறிவு, உடல்நலம். யார் கற்பிக்க வேண்டும்? உழவர் குடும்பங்களிலிருந்து வந்த, குழந்தைகளோடு ஒட்டிப் பழகக்கூடிய, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்கு என்ன சம்பளம்? மாதம் 12 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பெரிய ஊர்களில் 15 முதல் 20 வரை. எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது, எவ்வளவு கொடுப்பது என்னும் மூன்றையும் ஒரே மூச்சில் பேசிய ஆவணம் அது. இன்று நம் தீர்மானங்களில் மூன்றாவது கேள்வி நிறைவாக இருக்கிறது. முதல் இரண்டும் மெலிந்து கிடக்கின்றன என்பது என் கருத்து.

இப்போது, குழந்தை எப்படிப் பின்தங்குகிறது என்பதைப் பார்ப்போம். அறிவுக் குறைவினால் அல்ல. பாடநூல் மாதந்தோறும் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதை முடித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு. முதல் வகுப்பின் நடுவில் எழுத்து பிடிபடாத குழந்தைக்கு அதை மறுபடி சொல்லித்தர யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தீபாவளியை ஒட்டிப் புறப்பட்டால் கரும்புப் பருவம் முடிந்துதான் திரும்புகிறார்கள். அந்தக் குழந்தை வகுப்புக்குத் திரும்பும்போது பாடம் நெடுந்தூரம் போய்விட்டது. அடுத்த ஆண்டு மேல்வகுப்பு. அதற்கடுத்த ஆண்டு அதற்கும் மேல். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, மதிய உணவு கிடைக்கிறது, தேர்ச்சியும் கிடைக்கிறது. கரும்பலகையில் எழுதப்படுவது மட்டும் புரிவதில்லை. வீட்டில் சொல்லித்தர ஆளிருக்கும் குழந்தைக்கு இந்த இடைவெளி மாலையில் அடைபடுகிறது. முதல் தலைமுறைக் குழந்தைக்கு அடைபடுவதில்லை. வர்க்கம் வகுப்பறைக்குள் நுழையும் வழிகளில் இதுவும் ஒன்று.

இதற்குக் கண்டறியப்பட்ட மருந்து வியப்பூட்டும் அளவுக்கு எளியது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளை, நாளில் ஒன்றிரண்டு மணி நேரம், வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்கள் இப்போது நிற்கும் நிலையைக் கொண்டு பிரிப்பது. எழுத்து தெரியாதோர் ஒரு குழு, சொல் வரை வந்தோர் ஒரு குழு, பத்தி வாசிப்போர் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் அதற்குரிய பயிற்சி. உயிர்மெய் வரிசையைச் சேர்ந்து சொல்லுதல், கதையை உரக்கப் படித்துக் கேட்டல், குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பு அறிதல். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்த்து, தேறியவரை அடுத்த குழுவுக்கு மாற்றுதல். நம்மூர்த் திண்ணைப் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில்தான் சுவடி மாற்றியது. யாரைத் திண்ணையில் ஏற விட்டார்கள் என்பது வேறு கதை. அதற்காக அந்த முறையைப் போற்ற நான் தயாரில்லை.

இம்முறை இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. அங்குள்ள நிலை நம்மைவிடக் கடுமையானது. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது என்று உலக வங்கியே கணித்திருக்கிறது. அசரைப் பார்த்து 2009-இல் கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் ‘உவேசோ’ என்ற ஆய்வு தொடங்கியது. சுவாஹிலி மொழியில் அதற்கு ஆற்றல் என்று பொருள். ஜாம்பியாவில் அரசே தன் ஆசிரியர்களைக் கொண்டு, நிலைக்கேற்பக் கற்பிக்கும் இத்திட்டத்தை அரசுப் பள்ளிகளில் நடத்துகிறது. கோட் டிவார், நைஜீரியா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளிலும் அது நடைமுறையில் இருக்கிறது. ஜாம்பியப் பள்ளி முற்றத்தில் குழந்தைகள் குச்சிக் கட்டுகளை வைத்துக் கழித்தல் போடுவதும், நம் மராட்டிய கிராமத்துக் குழந்தைகள் போடுவதும் ஒரே முறைதான்.

அங்கே நிலை ஏன் இவ்வளவு கீழே போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமை பெறும். விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் பள்ளிக்கே முதலிடம் கொடுத்தன. நைரேரேயின் தான்சானியா 1970-களில் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கி, எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்குக் கொண்டுவர முனைந்தது. பிறகு கடன் நெருக்கடி வந்தது. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் ‘கட்டமைப்புச் சீரமைப்பு’ என்ற பெயரில் வந்தன. 1980-களில் தான்சானியாவிலும் பிற நாடுகளிலும் பள்ளிக் கட்டணம் திரும்பி வந்தது. ஆசிரியர் நியமனம் சுருங்கியது. பெற்றோர் போராட்டங்களும் தேர்தல் வாக்குறுதிகளும் அதை மாற்ற வேண்டியிருந்தது. மலாவி 1994-இல், உகாண்டா 1997-இல், கென்யா 2003-இல் கட்டணத்தை நீக்கின. கென்யாவில் ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்த விகிதத்தில் ஆசிரியர்கள் வந்து சேரவில்லை. நெருக்கியடித்த வகுப்பறையில் எழுத்து பிடிபடாமல் போன குழந்தைகளைத்தான் பிறகு உலக வங்கி எண்ணிக் காட்டி ‘கற்றல் வறுமை’ என்று பெயர் வைத்தது. மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லில் சற்றுத் தயங்கி நின்றேன். வறுமை என்ற சொல் இருக்கிறது. வறியவராக்கியது யார் என்பது அச்சொல்லில் இல்லை.

வெற்றிடம் கண்ட இடத்தில் வணிகரும் வந்தனர். ‘பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அகாடமீஸ்’ என்ற நிறுவனம் 2009-இல் கென்யாவின் ஏழைக் குடியிருப்புகளில் கட்டணப் பள்ளிகளைத் திறந்தது. ஆசிரியர் கையில் ஒரு கணினிப் பலகை. அதில் தலைமையிடத்திலிருந்து வரும் பாடத்தைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வாசிக்க வேண்டும். உலக வங்கியின் நிதிக் கிளையும் அதில் முதலீடு செய்திருந்தது. உகாண்டா அரசு 2016-இல் அப்பள்ளிகளை மூட ஆணையிட்டது. 2022-இல் உலக வங்கிக் கிளை தன் முதலீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மலிவான, அமைப்பாகத் திரளாத ஆசிரியரே இந்த வணிகத்தின் முதல் தேவை.

இனி, நம் விவாதத்துக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறையைத் தன்னார்வத் தொண்டர்தாம் செய்ய முடியும், அரசு ஆசிரியரால் ஆகாது என்று ஒரு வாதம் உலவுகிறது. சான்றுகள் வேறு சொல்கின்றன. பீகாரில் பள்ளி நடக்கும் காலத்தில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அதே மாநிலத்தில் 2008 கோடை முகாமில் அரசு ஆசிரியர்களே கற்பித்தபோது குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். வேறுபாடு எங்கே? முகாமில் அவர்கள் மேல் பாடநூலை முடிக்கும் சுமை இல்லை. வாசிப்பும் கணக்கும் மட்டுமே வேலை. ஹரியானாவில் 2012–13-இல் பள்ளி நேரத்திலேயே இதற்கென ஒரு மணி நேரத்தை அரசு ஒதுக்கியது, குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்தது, வட்டார அளவில் ஆசிரியருக்குத் துணைநிற்க ஆட்களையும் அமர்த்தியது. அங்கும் வாசிப்பில் பலன் கிடைத்தது. ஆசிரியரால் ஆகும், தோழர்களே. அவருக்கு நேரத்தைக் கொடுக்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கும் கணக்கெடுப்புகளுக்கும் இணையத்தில் படிவம் ஏற்றுவதற்கும் அவரை இழுத்துவிட்டு, குழந்தைக்கு ஏன் வாசிக்கத் தெரியவில்லை என்று அவரையே கேட்பது அநியாயம்.

மராட்டிய அரசு போகும் திசை இதற்கு நேர்மாறானது. 2023-இல் 20-க்குக் குறைவான மாணவர் உள்ள ஏறத்தாழ 15,000 பள்ளிகளை ஒன்றிணைத்துத் ‘தொகுப்புப் பள்ளி’ ஆக்க முன்மொழிவு கேட்டது. அதற்குக் காட்டப்பட்ட முன்மாதிரிகளுள் ஒன்று நம் புனே மாவட்டத்துப் பான்ஷேத். அதே ஆண்டு செப்டம்பரில் பெருநிறுவனங்கள் பள்ளிகளைத் ‘தத்து’ எடுக்கும் திட்டமும் வந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு மலைப்பாதையில் பள்ளி தொலைவாகிவிட்டால், நிலைக்கேற்பக் கற்பிப்பது என்ன, எதையுமே கற்பிக்க முடியாது.

தமிழ்நாட்டு அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பின்தங்கிய குழந்தைக்கும் அழகான பெயர். (ஔவையும் வள்ளுவரும் எண்ணையும் எழுத்தையும் கண்களுக்கு ஒப்பிட்டபோது இருவருமே எண்ணை முன்னால் வைத்தார்கள், கணக்கு என்றால் அஞ்சும் தமிழ் முதுகலைக்காரர்களாகிய எங்களுக்கு இது சற்றுச் சங்கடமானது.) அதற்கு முன் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் கற்பித்தார்கள். இடதுசாரிகளும் திராவிட இயக்கத்தாரும் அப்போது எச்சரிக்கை எழுப்பினோம்: ஆசிரியருக்கு மாற்றாகத் தன்னார்வலரா, மதவாதிகள் இவ்வழியே நுழைவார்களா என்று. பின்னர் நடந்த ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கொரோனாக் கால இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டது. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை அறிவொளியில் இரவில் அரிக்கன் விளக்கோடு போனவர்கள் நம் தோழர்கள்தாமே. தொண்டர் உழைப்பின் மதிப்பு நமக்குத் தெரியும். மீதி முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்போம். பள்ளி திறந்ததே அதில் பெரும்பங்கு என்பது என் கணிப்பு. அந்தப் பள்ளிகளுக்கு உரிய 2024–25-ஆம் ஆண்டின் 2,152 கோடி ரூபாயைத்தான், ‘பி.எம். ஸ்ரீ’ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று சொல்லி ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது.

மொழியைப் பற்றி. கென்ய எழுத்தாளர் நுகுகி வா தியாங்கோ 2025 மே மாதம் மறைந்தார். பள்ளி வளாகத்தில் கிகுயு மொழியில் பேசியதற்காகப் பிள்ளைகள் பிரம்படி பட்டதையும், கழுத்தில் அவமான அட்டை மாட்டப்பட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். தெரியாத மொழியில் எழுத்துக் கற்கும் குழந்தைக்கு இரட்டைச் சுமை: ஒலியைக் கூட்டிச் சொல்லாக்கினாலும் அந்தச் சொல் அதற்கு எதுவுமாக இல்லை. விடுதலைக்குப் பிந்திய கினி-பிசாவில் பாவ்லோ ஃப்ரேயிரே துணைநின்ற முதியோர் எழுத்தறிவு இயக்கம்கூடப் போர்த்துகீசிய மொழியில் நடத்தப்பட்டதால் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நோக்கம் புரட்சிகரமானது என்பதால் மொழித் தவறு மன்னிக்கப்படுவதில்லை. ஜாம்பியத் திட்டம் உள்ளூர் மொழிகளில் நடப்பதைக் கவனியுங்கள். மராட்டியத்தில் 2025 ஏப்ரலில் முதல் வகுப்பிலிருந்தே இந்தியைக் கட்டாயமாக்கி ஆணை வந்தபோது நாம் எதிர்த்தது மாநில உரிமைக்காக மட்டும் அன்று. ஒரு மொழியில் எழுத்துக் கூட்டத் தெரியாத ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்று மொழிகளா என்ற கேள்வியை மராத்தி ஆசிரியர்களும் எழுப்பினார்கள். ஜூன் 29 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். கிர்க்கியிலும் தேஹூ ரோடிலும் படைத்தளவாடத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நம்பி வந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன; கட்டட வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் இருக்கிறார்கள். குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, மாநகராட்சிப் பள்ளியில் மராத்தி. கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஆங்கிலம் என்று பெயர்ப்பலகை போட்ட பள்ளி. பத்து வயதில் நான்கு மொழிகளில் பேரம் பேசுகிறான்; ஒன்றிலும் ஒரு பக்கம் வாசிக்க இயலவில்லை. கணக்கிலும் இப்படித்தான். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. காய்கறி விலையை நொடியில் மனக்கணக்காகச் சொன்ன பிள்ளைகள், அதே போன்ற கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது திணறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளோ தாளில் ஓரளவு போட்டார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். உழைக்கும் வீட்டுப் பிள்ளையின் தலைக்குள் கணக்கு இருக்கிறது. பள்ளி அதை அடையாளம் காண மறுக்கிறது.

என் முன்மொழிவு இது. நம் கிளைகள் இருக்கும் நான்கைந்து குடியிருப்புகளில், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளை, தமிழ்க் குழந்தை, மராத்திக் குழந்தை, உருதுக் குழந்தை என்று பாராமல், ஒரு ஞாயிறு முழுவதும் வீடு வீடாகச் சென்று வாசிக்கச் சொல்லிக் கேட்போம். எந்தக் குழந்தையின் பெயரும் வெளியே போகக் கூடாது. எண்ணிக்கை மட்டும் நமக்குப் போதும். அந்த எண்ணிக்கையோடு பள்ளி நிர்வாகக் குழுவுக்குப் போவோம். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் தோழர்களின் துணைவியரில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்பதை இன்றே கணக்கெடுங்கள். அங்கே வைக்க வேண்டிய கோரிக்கைகள்: நாள்தோறும் ஒரு மணி நேரம் நிலைவாரி வாசிப்பும் கணக்கும், அந்த நேரத்தில் ஆசிரியருக்கு வேறெந்தப் பணியும் கிடையாது, காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர் நியமனம். ஆசிரியர் சங்கத் தோழர்களிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அவர்களுக்கு எதிரான கணக்கெடுப்பு என்று அவர்கள் எண்ணிவிட்டால் எல்லாம் பாழ்.

மராத்தி வாசிப்புத் தாளை மராத்தி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு தயாரிப்போம். தமிழ்த் தாளை நான் எழுதித் தருகிறேன்: பத்து எழுத்துகள், பத்துச் சொற்கள், நான்கு வரிப் பத்தி, பத்து வரிக் கதை. அடுத்த கூட்டத்துக்கு முன் அது உங்கள் கைக்கு வரும். எந்தெந்தத் தோழர்கள் எந்தக் குடியிருப்புக்குப் போவது என்பதை இந்த வகுப்பு முடிந்ததும் செயலாளரிடம் பதிந்துவிட்டுப் போகக் கேட்டுக்கொள்கிறேன்.